அத்தையின் ஹேங் நோட்டு

முழுசாகச் செத்துப்போன கம்ப்யூட்டரைப் பார்ப்பது சுலபம். பட்டனை அமுக்கினால் ஒன்றும் வராது. பவர் சப்ளையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் எங்கேயாவது பிடிபட்டுவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்து, தனக்குத் தோன்றும்போது நின்று, ஆள் வந்து பார்க்கும்போது மட்டும் சமர்த்தாக வேலை செய்யும் கம்ப்யூட்டர்தான் உயிரை வாங்கும். திருச்சியில் இருக்கும் என் அத்தையின் கம்ப்யூட்டர் அந்த ரகம்.

அத்தைக்கு 74 வயது. அரசு அலுவலகத்தில் ஸ்டெனோ டைப்பிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். டைப்ரைட்டிங்கில் ஹையர், கூடவே தமிழ்ச் சுருக்கெழுத்து. இப்போதும் தெருவில் யாருக்காவது பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு என்று மனு எழுத வேண்டியிருந்தால் அத்தை வீட்டுக்குத்தான் வருவார்கள். பைசா வாங்க மாட்டார். ஆனால் மனுவில் என்ன எழுதுவது, எதை விடுவது என்பதை அவர்தான் முடிவு செய்வார். ‘அய்யா அவர்கள் சமூகத்திற்கு’ என்று தொடங்கினால் கோடு போட்டு அடித்துவிடுவார். நேராக விஷயத்துக்கு வந்தால்தான் கிளார்க் படிப்பான் என்பது அவர் அனுபவம்.

கம்ப்யூட்டர் 2012 இல் சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ3, எச்61 மதர்போர்டு, 2 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆரம்பத்தில் விண்டோஸ் 7, பிறகு விண்டோஸ் 10. மனு அடிக்க இது தாராளம். மாமாவுக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது. “பழசைக் கட்டிக்கிட்டு ஏன் மாரடிக்கிறா? புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துடு மாப்ளே” என்பார். அத்தை காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

ஹேங் ஆகத் தொடங்கியபோது முதலில் பக்கத்துக் கடையில் கொடுத்தார்கள். சிபியுவை (கேபினெட்டுக்கு நம் ஊரில் அதுதானே பெயர்) ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனால், கடைக்காரர் பிளக்கைச் செருகுவார். கம்ப்யூட்டர் குறையில்லாமல் ஓடும். “வைரஸா இருக்கும்மா, ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம்.” போட்டுத் தருவார். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. மறுபடியும் ஆட்டோ, மறுபடியும் ஃபார்மேட்.

ஒவ்வொரு ஃபார்மேட்டிலும் அத்தைக்கு நஷ்டம். அவர் தட்டுவது டைப்ரைட்டர் விசைப்பலகை. அதற்கு, தமிழில் தட்ட உதவும் என்எச்எம் ரைட்டரைத் திரும்பப் போட்டு, அதில் பழைய டைப்ரைட்டர் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலையில் இருந்தபோது அடித்த பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. 2010 இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்பதற்கு முன் அலுவலகங்களில் அதுதான் ஓடியது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திறக்கும் கோப்பு முழுக்கக் கன்னாபின்னாவென்று ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பிரிண்டர் டிரைவர் இன்னொரு தலைவலி. கடைக்காரருக்கு ஓஎஸ் போட்டதோடு வேலை முடிந்தது. அத்தைக்கு அங்கேதான் ஆரம்பம்.

ஃபார்மேட் அடித்தால் கொஞ்ச நாளாவது ஏன் சரியாகிறது என்பது பலரும் யோசிக்காத விஷயம். அது வைரஸ் என்பதற்கு அத்தாட்சி இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சில இடங்கள் பழுதாகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக விண்டோஸ் போடும்போது கோப்புகள் வேறு இடங்களில் போய் உட்காருகின்றன. பழுதான இடம் காலி இடத்துக்குள் விழுந்துவிட்டால் அதை யாரும் படிக்கப் போவதில்லை, தொந்தரவும் இல்லை. நாளாக நாளாகக் கோப்புகள் சேர்ந்து அந்த இடத்தைத் தொடும்போது கதை மறுபடியும் தொடங்கும். அதனால்தான் ஃபார்மேட் என்பது பழுதை மறைக்கும், வாடிக்கையாளரும் போய்விடுவார், கடைக்காரரும் சரிசெய்துவிட்டதாகவே நம்புவார். அவரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. தன் கண்முன் ஹேங் ஆகாத பெட்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

சென்னையிலிருந்து நான் உதவ நினைத்தாலும் வழியில்லை. தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருள் எதுவானாலும், அந்தக் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் அதுவும் சேர்ந்து ஹேங் ஆகும். எது நடக்கும்போது பார்க்க வேண்டுமோ அப்போது திரை கறுத்துவிடும். மிச்சமிருப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள்தான். அத்தையிடம் போனில் சொன்னேன்: “இனிமே ஹேங் ஆனா உடனே பட்டனை அமுக்காதீங்க அத்தை. மணி பாருங்க. என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு எழுதுங்க. மவுஸ் நகருதா? கேப்ஸ் லாக்கை அமுக்கினா கீபோர்டுல லைட் எரியுதா? முன்னாடி டிஸ்க் லைட் எப்படி இருக்கு? பாட்டு ஓடிட்டிருந்தா என்ன ஆச்சு? ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பாருங்க, தானா திரும்ப வருதான்னு.”

“டிக்டேஷன் மாதிரி சொல்லேண்டா, எழுதிக்கறேன்” என்றார்.

கேப்ஸ் லாக் சோதனை அற்பமாகத் தெரியும். ஆனால் காசில்லாமல் கிடைக்கும் சோதனைகளில் எனக்குத் தெரிந்து இதுதான் ராஜா. அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றிக்கொள்வதில்லை. விசையை அமுக்கிய செய்தி கம்ப்யூட்டருக்குப் போய், இயங்குதளம் அதைக் கவனித்து, ‘சரி, விளக்கைப் போடு’ என்று திருப்பி உத்தரவு அனுப்பினால்தான் எரியும். திரையில் எதுவுமே அசையாவிட்டாலும் விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே அடித்தளம் உயிரோடு இருக்கிறது, எதற்காகவோ காத்திருக்கிறது என்று பொருள். விளக்கு அசையவில்லை என்றால் மொத்தமும் நின்றுவிட்டது. முதலாவதில் டிஸ்க்கையோ மென்பொருளையோ சந்தேகிக்கலாம். இரண்டாவதில் ராம், போர்டு, கிராஃபிக்ஸ், மின்சாரம் என்று ஆழத்தில் தேட வேண்டும். ‘ஹேங் ஆகுது’ என்ற ஒரே புகாருக்குள் இந்த இரண்டும் அடைந்து கிடக்கும்.

நான் திருச்சிக்குப் போனபோது அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து வைத்தார். முழுக்கச் சுருக்கெழுத்து. எனக்கு ஒரு கோடும் புரியவில்லை. அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், அலுவலகத்தில் கடிதத்தை வாசித்துக் காட்டுகிற அதே தொனியில். நானும் சில ஐடி நிறுவனங்களில் வேலை பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான புகார்ப் பதிவேட்டை எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. மணி, செய்த வேலை, மவுஸ், விளக்கு, பாட்டு, முடிவு. ஊகம் ஒன்றுகூட இல்லை. ‘வைரஸ் போலிருக்கிறது’, ‘நெட் ஸ்லோ’ என்கிற மாதிரி எதுவும் எழுதவில்லை. கண்டது மட்டும்தான். வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் விளங்காது என்று நினைக்கிறவர்கள் அந்த நோட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

அவர் படிக்கப் படிக்க நான் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிக்கொண்டேன்.

ஒரு வகை: மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைச் சொடுக்கினாலும் பதில் இல்லை. கேப்ஸ் லாக் விளக்கு எரியும். கேபினெட்டின் முன்னால் டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் கெட்டியாக எரிந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துத் தானாக உயிர் வரும். பெரும்பாலும் பழைய கல்யாணப் போட்டோ இருக்கும் ஃபோல்டரைத் திறந்தபோது, சிலசமயம் காலையில் கம்ப்யூட்டரைப் போட்ட கொஞ்ச நேரத்தில். இதற்குப் பொழுது கணக்கு கிடையாது.

இன்னொரு வகை: எல்லாம் கல். விளக்கு அசையாது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே துணுக்கு ‘ட்ர்ர்ர்’ என்று விடாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஒலி அட்டை கையில் இருக்கிற கடைசித் துணுக்கையே சுழற்றிக்கொண்டிருக்கிறது, அடுத்த துணுக்கைக் கொடுக்க வேண்டிய பிராசஸர் நின்றுவிட்டது என்பதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இது எப்போதும் மதியம், இரண்டு மணியிலிருந்து நாலரைக்குள். காலையிலோ இரவிலோ ஒருமுறைகூட இல்லை. ஒரு வாரத்துக்கு இந்த வகையே வரவில்லை. அந்த இடத்தில் அத்தை ஓரமாக ஒரு வரி எழுதியிருந்தார்: மழை.

கோடை மழை பெய்து வெக்கை தணிந்திருந்த நாட்கள். கம்ப்யூட்டர் இருப்பது மாடி அறை. மேலே வெறும் கான்கிரீட் தளம், பக்கத்தில் மேற்குப் பார்த்த சுவர். கத்திரி வெயிலில் திருச்சி மதியம் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கீழே ஹாலுக்கு மேசையை மாற்றலாம்தான், ஆனால் ஹாலில் டிவியும் மாமாவும் இருக்கிறார்கள்.

ஆக நோய் ஒன்றல்ல, இரண்டு. கடையில் எப்போதுமே ஒன்றாக நினைத்துத்தான் தேடியிருக்கிறார்கள். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்டியில் ஒரே சமயத்தில் இரண்டு பாகங்கள் கெடுவது அதிசயமில்லை. ஒன்றைச் சரிசெய்தும் ஹேங் நிற்காதபோது ‘இது காரணமில்லை போலிருக்கிறது’ என்று சரியான மருந்தையே தூக்கிப்போட்டுவிடும் ஆபத்து இதில் உண்டு.

முதல் வகையிலிருந்து தொடங்கினேன். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டிஸ்க் சம்பந்தமான பிழைகள் பதிவாகும். எண் 7 என்றால் டிஸ்க்கில் பழுதான இடம் தட்டுப்பட்டது. எண் 153 என்றால் படிக்கும் வேலையை மறுபடி முயல வேண்டியிருந்தது. இரண்டும் அங்கே இருந்தன. அத்தையின் மணிகளோடு பொருத்திப் பார்த்தால் பொருந்தவில்லை. நோட்டில் காலை 10.20 என்றால் கம்ப்யூட்டரில் அதிகாலை 3.50.

“என் கடிகாரம் சரியான மணிதான் காட்டும். உன் கம்ப்யூட்டரைக் கேளு” என்றார் அத்தை.

அவர் சொன்னதுதான் சரி. போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர், 3 வோல்ட். பிளக் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அத்தை தினமும் ராத்திரி சுவர் ஸ்விட்சையே அணைத்துவிட்டுத்தான் படுப்பார். பேட்டரி தீர்ந்துபோனதால் கடிகாரம் ராத்திரி முழுக்கத் தடுமாறியிருக்கிறது. அவர் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு நெட்டை இணைக்கும்போது விண்டோஸ் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். நெட் வேண்டாத நாளில் திருந்தாமலே ஓடும். நல்லவேளையாக, நேரம் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் பழைய நேரம், புதிய நேரம் இரண்டையும் கெர்னல்-ஜெனரல் என்ற பெயரில் விண்டோஸ் பதிந்துவைக்கிறது. திருத்தம் நடந்த நாட்களின் வித்தியாசத்தைக் கூட்டிப் பார்த்தேன். அத்தையின் 10.20க்கு நேரே டிஸ்க் பிழை வந்து உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே.

அப்புறம் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் சின்ன இலவச மென்பொருள். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் சங்கு. மஞ்சள் காட்டியது. சி5 என்ற வரியில் 18. இந்த மென்பொருள் வழக்கமாகப் பதினாறடிமான (பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணும்) எண்ணில் காட்டும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 18 என்றால் நம் கணக்கில் 24. அதாவது, படிக்க முடியாமல் சந்தேகக் கேஸாக நிறுத்திவைக்கப்பட்ட 24 செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் பதியும் சின்னக் கட்டங்கள்). கேபிள் தளர்ந்திருந்தால் ஏறும் சி7 வரி பூஜ்யம். ஆகவே கேபிள்மேல் குற்றமில்லை.

24 என்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 500 ஜிபி டிஸ்க்கில் 97 கோடிக்கு மேல் செக்டர்கள் உண்டு. ஆனால் டிஸ்க் ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் சும்மா கைவிடுவதில்லை. தலையை நகர்த்தி, திரும்ப வந்து, மறுபடி படித்து, பிழைதிருத்தக் குறியீட்டை வைத்துக் கணக்குப் போட்டு, மறுபடியும் படிக்கும். வீட்டு உபயோக டிஸ்க்குகள் இந்த விஷயத்தில் ரொம்பப் பிடிவாதம். அதுவரை விண்டோஸ் காத்திருக்கும். விண்டோஸ் காத்திருந்தால் நாமும் காத்திருக்க வேண்டும். மவுஸ் அம்புக்கு டிஸ்க் தேவையில்லை, அதனால் அது மட்டும் நகரும். அத்தை எழுதிவைத்த முதல் வகை இதன் நேர்ப்படம்.

இந்த நிலையில் பலரும் முதலில் ஓட்டுவது விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க், அதுவும் பழுதான இடங்களைத் தேடும் /r கட்டளையோடு. கூடாது. அது டிஸ்க் முழுவதையும் படித்து, சரிப்படுத்துகிறேன் என்று எழுதவும் செய்யும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அந்த உழைப்பே எமன் ஆகலாம். முதல் வேலை, இருப்பதை வெளியே எடுப்பது. பென் டிரைவிலிருந்து லினக்சை (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) ஏற்றி, ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு புதிய எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் பதியும் டிஸ்க்) நகல் எடுத்தேன். பழைய டிஸ்க்கில் நிரம்பியிருந்தது கொஞ்சம்தான் என்பதால், பார்ட்டிஷனைச் சுருக்கிய பிறகு எடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் சுருக்குவது என்றால் அதே டிஸ்க்கில் எழுதுவது. வேண்டாமென்று 500 ஜிபிக்குக் குறையாத எஸ்எஸ்டியாகவே வாங்கினேன். டிடிரெஸ்க்யூவின் சாமர்த்தியம், மக்கர் செய்யும் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காமல் தாண்டிப்போய் நல்ல பகுதிகளையெல்லாம் முதலில் எடுத்துக்கொள்வது. கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்ப வரும். எது முடிந்தது, எது பாக்கி என்று தனிக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். போகவும் போயிற்று.

நொடிக்கு 100 எம்பி வேகத்தில் போனால் 500 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரும்பகுதி அப்படித்தான் போனது. கடைசித் துணுக்குகளுக்குத்தான் மீதிப் பொழுதெல்லாம் போயிற்று. முடிந்தபோது சி5 இல் இருந்த சிலதும் படிக்கக் கிடைத்துவிட்டன. கிடைக்காதது கல்யாண ஃபோல்டரில் இரண்டொரு போட்டோ. ஜேபெக் கோப்பில் நடுவே ஒரு துண்டு போனால் அதற்குக் கீழே உள்ள பாகம் முழுக்கச் சாம்பலாகிவிடும். மேடையில் எல்லோருக்கும் தலை இருந்தது, மார்புக்குக் கீழே யாருக்கும் ஒன்றுமில்லை. அத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “போகட்டும்டா, அந்தப் புடவை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது” என்றார்.

எஸ்எஸ்டி போட்டதும் முதல் வகை ஹேங் அடியோடு நின்றது. எச்61 போர்டு டிஸ்க்கை இணைக்கும் பழைய சாட்டா 2 வேகத்தைத்தான் தாங்கும், எஸ்எஸ்டியின் முழு வேகத்தில் பாதிதான் கிடைக்கும். அதுவே அந்த வீட்டில் ஒரு பரபரப்பை உண்டாக்கியது. “அதுக்குள்ள வந்துடுச்சா?” என்று மாமாவே எட்டிப் பார்த்தார்.

இனி மதிய ஹேங்.

இந்த வகைக்கு ஈவென்ட் வியூவரில் காரணம் எதுவும் இருக்காது. எழுத வேண்டிய ஆளே நின்றுவிட்டால் யார் எழுதுவது? மறுபடி போட்டதும் ‘போன தடவை முறையாக அணைக்கப்படவில்லை’ என்று கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருக்கும். இணையத்தில் அந்த 41ஐ ஏதோ நோயின் பெயர் மாதிரி துரத்துகிறார்கள். அது இறப்புச் சான்றிதழ் மட்டும்தான், அதில் காரணம் போட்டிருக்காது.

கேபினெட்டைத் திறந்தேன். தூசி. பிராசஸர் விசிறியின் இறகுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம். பிரஷ்ஷால் தட்டி, ப்ளோயரால் ஊதி, காய்ந்து உதிர்ந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். சூடு கணிசமாக இறங்கியது. ஆனால் இதுதான் காரணம் என்று நான் நம்பவில்லை. இன்டெல் பிராசஸர்கள் சூடு ஏறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் சடாரென்று அணைந்துவிடும். கல்லாகச் சமைந்து நிற்பது அதன் சுபாவம் இல்லை. போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்த்தேன். 2000களின் தொடக்கத்தில் வந்த போர்டுகளில் அது ஒரு கொள்ளைநோய் மாதிரி பரவியிருந்தது. இதில் எல்லாம் தட்டையாகவே இருந்தன.

ராமைக் கழற்றக் கை வைத்தபோது கேபினெட்டில் சுருக்கென்று ஒரு கூச்சம். “அது எப்பவும் அப்படித்தான், செருப்பு போட்டுக்கோ” என்றார் அத்தை, சாவகாசமாக. இது பல வீடுகளில் நடக்கிறது, பலரும் பழகிப்போய்விட்டார்கள். எர்த் இல்லாத பிளக்கில் போட்டால், பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினெட்டுக்கு ஏறத்தாழ 230 வோல்ட்டில் பாதி வந்து நிற்கும். கசியும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு போகிறது. ஆனால் உள்ளே வேறு பழுது வரும் நாளில் எர்த் இல்லாதது உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் பிளக் பாயிண்டில் எர்த் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. முறுக்கி மாட்டிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார். ஹேங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனால் இந்தக் கட்டுரையில் யாராவது ஒரு விஷயத்தை மட்டும் உடனே செய்வதானால் இதைச் செய்யுங்கள்.

ராமின் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்துச் செருகிவிட்டு மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன். விண்டோஸ் எதுவும் இல்லாமல் பென் டிரைவிலிருந்து நேராக எழும்பி, நினைவகத்தின் ஒவ்வொரு இடத்திலும் எழுதி, திரும்பப் படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருள். பொதுவாக இதை ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிடுவார்கள். நானும் ஓடவிட்டேன். காலையில் பிழை பூஜ்யம். இங்கேதான் பலர் ‘ராம் நன்றாக இருக்கிறது’ என்று அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஆனால் அத்தையின் நோட்டில் ராத்திரி ஹேங் என்று ஒன்றே கிடையாது. ராத்திரி ஓட்டிய பரிசோதனை எதைச் சொல்லும்? அப்படியே அணைக்காமல் மதியத்துக்கும் ஓடவிட்டேன். மாடி அறை ஜன்னலைக்கூட அத்தை வழக்கமாக வைப்பதுபோல் பாதி சாத்தி வைத்தோம்.

இரண்டரை மணிக்குத் திரையில் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின. எழுதியது ஒன்று, படித்தது வேறு. ஒரே முகவரியைச் சுற்றி, ஒரே ஒரு பிட் மட்டும் 1க்குப் பதில் 0.

ராம் என்பது டிராம் வகை நினைவகம். அதில் ஒவ்வொரு பிட்டும் ஓர் ஓட்டைக் குடம். மின்சுமையை ஊற்றிவைத்தால் கசிந்துகொண்டே இருக்கும். முழுக்க வடிவதற்குள் திரும்ப நிரப்ப வேண்டும். 64 மில்லி நொடிக்குள் எல்லாப் பிட்டுகளுக்கும் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும் என்பது தரவிதி. சூடு ஏற ஏறக் கசிவு வேகம் கூடும். சிப்பின் சூடு 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரண்டு மடங்கு அடிக்கடி நிரப்பச் சொல்கிறார்கள். நல்ல பிட்டுகளுக்கு இதில் நிறைய அவகாசம் உண்டு. வயதாகி விளிம்பில் நிற்கும் ஒரு பிட், ராத்திரியின் இதமான சூட்டில் அடுத்த சுற்றுவரை தாக்குப்பிடிக்கும். மதியம் அறையே கொதிக்கும்போது அதற்குள் வடிந்துவிடும். அந்தப் பிட் இருக்கும் இடத்தில் பாட்டின் ஒரு துளி இருந்தால் யாருக்கும் தெரியாது. விண்டோஸின் அடித்தளத்துக்குச் சொந்தமான எண் ஒன்று அங்கே இருந்தால் எல்லாம் கல்.

இரண்டு ராம்களில் எது, இல்லை ஸ்லாட்டே பழுதா என்று பிரிக்க, ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட்ட வேண்டும், பிறகு இடம் மாற்றி ஓட்ட வேண்டும். பிழை ராமோடு சேர்ந்து நகர்ந்தால் ராம், ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டு. நகர்ந்தது. ஒவ்வொரு சோதனைக்கும் மதிய வெயிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்ததால் வேலை இழுத்தது. “வடகம் காயப்போடறவங்ககூட இவ்வளவு வெயிலைப் பார்க்க மாட்டாங்க” என்றார் மாமா.

டிடிஆர்3 புதிதாகத் தேடினால் அலைச்சல். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்து விற்கும் கடையில் 4 ஜிபி ஒன்று கிடைத்தது. அதையும் மதியத்தில் மெம்டெஸ்ட்டில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அத்தையிடம் கொடுத்தேன். சிஆர்2032ஐயும் மாற்றியாயிற்று. அதற்கு ஆன செலவு ஆட்டோ கூலியைவிடக் குறைவு.

இடையில் ஒரு சில்லறைத் திருத்தம். அத்தை தினமும் ஷட்டவுன் செய்தும், டாஸ்க் மேனேஜரில் கம்ப்யூட்டர் பல நாளாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. விண்டோஸ் 10 இல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி போட்டிருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் அடித்தளம் உண்மையில் முடிவதில்லை. அதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டு மறுநாள் எடுத்துக்கொள்ளும். சின்னச் சின்னக் கோளாறுகளும் அதோடு சேர்ந்து மறுநாளுக்கு வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் நிஜமான புதுத் தொடக்கம். எஸ்எஸ்டி இருக்கும்போது அந்த வசதிக்கு வேலையே இல்லை என்பதால் எடுத்துவிட்டேன்.

மதிய ஹேங்கும் நின்றது. அத்தை நோட்டை மூடவில்லை. ஒருநாள் போன் செய்தார். “ஹேங் ஆச்சு. கேப்ஸ் லாக் எரியுது, மவுஸ் நகருது, மத்த புரோகிராம் எல்லாம் ஓடுது, வேர்டு மட்டும் நின்னுடுச்சு. பிரிண்டரைப் பார்த்தேன், பேப்பர் இல்ல. வெச்சேன், சரியாப் போச்சு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், பதிவுக்காகச் சொல்றேன்.”

இப்போது இருக்கும் பிரச்சினை வேறு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. பதிவு செய்துகொண்டால் வீட்டு உபயோகத்துக்கு மேலும் ஓராண்டு, 2026 அக்டோபர்வரை, நீட்டிப்பு என்று அப்போது அறிவித்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைப் பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அத்தையின் இரண்டாம் தலைமுறை ஐ3 வாசல்வரைகூடப் போக முடியாது. “இப்பவாவது புதுசு வாங்குங்க” என்கிறார் மாமா. மனு அடிக்கவும் பாட்டுக் கேட்கவும் நன்றாக ஓடும் ஒரு பெட்டியைத் தூக்கிப்போட எனக்கும் மனசில்லை, அத்தைக்கு அறவே இல்லை.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட்டை ஏற்றிக் காட்டினேன். திரை எப்படி இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியெல்லாம் அவருக்குக் கவலையில்லை. “டைப்ரைட்டர் கீபோர்டு இருக்கா?” என்பதுதான் முதல் கேள்வி. லினக்ஸுக்கான எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் தமிழ் டைப்ரைட்டர் இருக்கிறது. போட்டுக்கொடுத்தேன். ஒரு மனுவை முழுசாக அடித்துப் பார்த்துவிட்டு, தன் விரலுக்குப் பழகிய இடத்திலிருந்து மாறியிருக்கும் எழுத்துகளைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். அந்த விசைப்பலகை அமைப்பு வெறும் டெக்ஸ்ட் கோப்புதான், திறந்து திருத்தலாம். அதை முடித்துக் கொடுத்தால் லினக்ஸுக்கு மாறிக்கொள்ளத் தயார் என்கிறார். வானவில் கோப்புகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றும் வேலையையும் ஆரம்பித்திருக்கிறார். பிரிண்டர் ஓடுமா என்பதைத்தான் இன்னும் பார்க்கவில்லை.